எடைமேடையில் நின்ற வீடு

ஆர்லிஸ் ஷ்ராக் பிடிவாதக்காரி என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். எதற்காகப் பிடிவாதம் பிடித்தாள் என்று கேட்காமலே சொல்கிறவர்களோடு மட்டும் எனக்குப் பேச்சில்லை.

எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடைச் சன்னலுக்குப் பின்னால் என் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. கோதுமை லாரி மேடை ஏறும், எடை பார்ப்பேன். கொட்டிவிட்டு வெறும் வண்டியாக வரும், மறுபடி பார்ப்பேன். இந்தச் சன்னலிலிருந்து பார்த்தால் ஆட்களின் அசல் குணம் நன்றாகத் தெரியும். இருபது பவுண்டு குறைகிறது என்று தொப்பியைத் தரையில் அடித்து என்னைத் திட்டியவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எனக்கு முன்வரிசையில் கண்ணை மூடி உருகிக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருக்கும்.

ஆர்லிஸ் எங்கள் ஊர்க்காரி இல்லை. கூலிக்கு அறுத்துக் கொடுக்கிற ஷ்ராக் கூட்டத்து மருமகள். மே மாதம் டெக்சஸில் அரிவாளை எடுத்தால், கோதுமை பழுக்கப் பழுக்க வடக்கே ஏறி, ஜூன் கடைசியில் கான்சாஸில் எங்களிடம் வருவார்கள். கோடை முடிகையில் மொன்டானாவில் இருப்பார்கள். அரிவாள் என்றது பேச்சுக்கு. ஆளுயரச் சக்கரம் வைத்த மூன்று அறுவடை மிஷின்கள், அவற்றைச் சுமக்க லாரிகள், கூடவே கூட்டத்தின் வீடு. வீடு என்றால் நிஜ வீடுதான். அடுப்படி, குளியலறை, படுக்கைகள் எல்லாம் சக்கரத்தின் மேல். அதன் மூக்கில் தொங்கும் இரும்பு முளை ஒரு பிக்கப்பின், அதாவது முதுகு திறந்த சின்ன லாரியின், முதுகிலுள்ள பூட்டில் போய் உட்காரும். அந்தப் பிக்கப்பை ஓட்டுவது ஆர்லிஸ். ஓட்டிப் போய் நிறுத்தியதும் இறங்கிச் சமைப்பதும் அவள்தான்.

கல்யாணம் முடிந்த மறுவாரமே மாமனார் சாவியைக் கையில் கொடுத்து, "நாளைக்குக் கிளம்பறோம், நீ வீட்டை இழுத்துட்டு வா" என்றாராம். யாரும் சொல்லித் தரவில்லை. அறுத்த வயலில் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, நடுவில் வீட்டைப் பின்னோக்கி நுழைத்துப் பழகினாள். முதல் நாள் சாயங்காலம் பீப்பாய் இரண்டும் அப்பளம். அடுத்த வாரம் பீப்பாய் மேல் தன் தேநீர்க் கோப்பையை வைத்து, அது ஆடாமல் நுழைத்துக் காட்டினாள். இதை அவள் சொல்லவில்லை. அவள் புருஷன் வெண்டெல் சொன்னான். வெண்டெல் வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவன். அதில் மூன்று பெண்டாட்டியைப் பற்றியதாக இருக்கும்.

மாமனார் போன பிறகு கூட்டம் வெண்டெலின் அண்ணன் டெல்மர் கைக்கு வந்தது. வந்த முதல் கோடையிலேயே, மிஷின்களை நிறுத்தக் கூடாது, சாப்பாட்டை ஒவ்வொரு மிஷினாக ஏறிக் கொடு என்று உத்தரவு போட்டான். ஆர்லிஸ் வயலோரத்தில் மேசை போட்டு, விரிப்பு விரித்து, பன்றித் தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட பலகாரமும் பரப்பி வைத்துவிட்டு வானொலிக் கருவியை எடுத்தாள். அந்தக் கருவியில் ஒருவர் பேசினால் அந்தச் சுற்றுவட்டாரத்து எல்லா வண்டியிலும் கேட்கும்.

"சாப்பாடு மேசை மேல இருக்கு. மிஷினுக்கு வாய் இல்ல, உங்களுக்குத்தான் இருக்கு. கை கழுவிட்டு இறங்கி வாங்க. வரலைன்னா நாய்க்குப் போடறேன்."

வந்தார்கள். டெல்மரும் வந்தான், முறைத்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டான்.

டெல்மர் கெட்டவன் இல்லை. நல்ல உழைப்பாளி, சொன்ன நாளில் வயலை முடித்துக் கொடுப்பான். அவனுக்குக் காலியிடத்தைக் கண்டால் பொறுக்காது, அதுதான் வியாதி. பிக்கப்பின் முதுகில் பூட்டுக்கும் முன்தடுப்புக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. வயலில் மிஷின்களுக்கு ஊற்ற ஒரு டீசல் தொட்டியை அங்கே பொருத்தினான். தொட்டிக்குப் பக்கத்தில் வெல்டிங் மிஷின், இரண்டு இரும்புப் பெட்டி நிறையக் கருவிகள். வீட்டின் மூக்குக்கு அடியில் ஒரு அறை இருந்தது, அங்கே சங்கிலிகள். முன்படுக்கையறை மூலையில் ஆளுயர உறைபெட்டி, அதற்குள் பாதி மாட்டின் இறைச்சி. டெல்மரின் கணக்கு எளிமையானது. இந்த வண்டி பதினாறாயிரம் பவுண்டு இழுக்கும் என்று விற்றவன் கொடுத்த தாளில் போட்டிருக்கிறது, வீடு அவ்வளவு இல்லை, ஆகவே பயமில்லை.

இழுப்பது வேறு, முதுகில் தாங்குவது வேறு. அந்த மாதிரி வீடு தன் எடையில் நாலில் ஒரு பங்கு, குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை இழுக்கிற வண்டியின் பின் அச்சு மேலேயே தூக்கி வைத்துவிடும். அதற்கு மேல் டீசல், பெட்டிகள், ஓட்டுகிறவளின் சொந்த உடம்பு எல்லாம் அதே முதுகில்தான். எவ்வளவு தாங்கும் என்பதை விற்றவன் தாளில் பார்க்கக் கூடாது. கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் பார்க்க வேண்டும். டெல்மர் அந்தக் கதவை ஆயிரம் தடவை திறந்திருப்பான்.

போன வருஷம் வயோமிங்கில் ஒரு மலை இறக்கத்தில் வலது பின் டயர் வெடித்தது. பின்னால் வீடு தள்ளுகிறது, ஒரு பக்கம் பள்ளம். ஆர்லிஸ் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, வீட்டின் பிரேக்கை மட்டும் கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, வண்டியை ஓரத்தில் நிறுத்தினாள். பின்னால் லாரியில் வந்த வெண்டெல் இறங்கி ஓடி வந்தபோது அவள் புல்லில் உட்கார்ந்து கையைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தாளாம். அவனுக்கும் பேச்சு வரவில்லை. அவனுக்கு அது புதிதில்லை, ஆனால் அன்றைக்கு அழுகையும் சேர்ந்து வந்தது.

டெல்மர் வந்தான், டயரைப் பார்த்தான், வானொலியை எடுத்தான். "காலைல பெட்ரோல் பங்க்ல ஓரக்கல்லு மேல ஏத்தியிருக்கா. பொம்பள ஓட்டுன வண்டி, வேற என்ன சொல்ல."

அவ்வளவுதான். மொன்டானா போய்ச் சேருவதற்குள் அவள் பெயர் ஓரக்கல் ஆகிவிட்டது. எந்த ஊர்க் கூட்டத்து டிரைவரும் அவள் வண்டியைக் கண்டால், "ஏய் ஓரக்கல்லு வருது, ஒதுங்குங்கப்பா" என்பான். டயர்க்கடைக்காரன் அந்த டயரைப் புரட்டிப் பார்த்து, இது கல்லில் பட்டுக் கிழிந்ததில்லை, பாரம் தாங்காமல் வெந்து போனது என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. டெல்மர் ஒன்று செய்தான். பின் அச்சுக்கு மேல் இரண்டு காற்றுப் பைகளைப் பொருத்திக் காற்றடித்தான். சரிந்து கிடந்த பிக்கப்பின் பின்பக்கம் மேலே வந்து நேராக நின்றது. "பாத்தியா, மேசை மாதிரி நிக்குது" என்றான். மூட்டை சுமந்து குனிந்தவனுக்கு இடுப்பில் பட்டை கட்டி நிமிர்த்திவிட்டு, மூட்டை குறைந்துவிட்டது என்றால் எப்படி? அப்படித்தான்.

இன்னொன்றும் செய்தான். அதுதான் அவளைச் சுட்டது. இனிமேல் ஆர்லிஸ் தனியாக ஓட்டக் கூடாது என்று உத்தரவு. தன் லாரியைக் கூலிக்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். டெக்சஸிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் "மெதுவா, பிரேக்கு, வலது பக்கம் பாரு, ஓரக்கல்லு இருக்கு" என்றே வந்தான். இத்தனை வருஷம் வீட்டை இழுத்தவளுக்கு, கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற மாதிரி ஒரு கயிறு. என்னிடம் அவள் அழவில்லை. சன்னலுக்கு வெளியே நின்று, "டோரீன், இந்த வருஷம் இதை முடிக்காம நான் வடக்க போகமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் ஊரில் அவர்கள் வேலை முடிந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மற்றக் கூட்டங்கள் இன்னும் அறுத்துக்கொண்டிருந்தன. மேடைக்கு முன்னால் கோதுமை லாரிகள் நெடுஞ்சாலை வரைக்கும் வரிசை கட்டி நின்றன. அறுவடை நேரத்தில் மேடையை மறித்து நிற்பவனை எங்கள் ஊரில் மன்னிப்பதில்லை. கல்யாணத்துக்குப் போகிற மாப்பிள்ளையானாலும் ஓரம் போகச் சொல்வார்கள். டெல்மர் உள்ளே என் மேசைக்கு எதிரே நின்று கடைசிச் சீட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தான். அப்போது வரிசைக்குள் ஒரு இடைவெளி பார்த்து, பிக்கப்பும் பின்னால் வீடுமாக ஆர்லிஸ் மேடைக்கு வந்தாள்.

"இவ எங்க வரா?" என்றான் டெல்மர்.

முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறியதும் நிறுத்தினாள். தன் வண்டிச் சன்னலைத் தட்டி, "எடை போடு" என்று சைகை காட்டினாள். போட்டேன். கொஞ்சம் நகர்த்தி, பிக்கப் முழுவதும் மேடையில், வீட்டின் சக்கரங்கள் வெளியே இருக்கிற மாதிரி நிறுத்தினாள். மறுபடி போட்டேன்; இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் பின் அச்சின் பாரம் கிடைத்துவிடும். பின்னால் ஹாரன்கள் கத்தின.

டெல்மர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தான். "பைத்தியமா உனக்கு? எடு வண்டியை! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். இருபது பவுண்டு கோதுமைக்கு நீ டோரீன்கிட்ட மல்லுக்கு நிக்கற. நம்ம வீட்டை ஒரு நாளாவது எடை போட்டியா?"

"விளம்பரத் தாளைப் பாரு. பதினாறாயிரம் இழுக்கும்."

"இழுக்கும் டெல்மர், யாரு இல்லைன்னா? முதுகுல எவ்வளவு தாங்கும்னு கேக்கறேன். இங்க வா, கதவைத் திறந்து வாசி. கண்ணாடி வேணும்னா என்னோடதைத் தரேன்."

"எந்தப் போலீஸ்காரன் கேட்டான் உன்னை?"

"போலீஸ் கேக்கல. போன வருஷம் அந்த இறக்கம் கேட்டுச்சு."

வரிசையில் முதலில் நின்ற க்ளிஃபோர்ட் லாரியிலிருந்து இறங்கி வந்தான். எங்கள் ஊர் விவசாயி, கோபக்காரன், சாயங்காலம் மழை வருமோ என்ற பயம் வேறு. "உங்க குடும்பச் சண்டையை ரோட்டுல வெச்சுக்கோங்க! என் கோதுமை வெயில்ல நிக்குது!"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வண்டியை எடு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் எனக்கு ஓரக்கல் என்கிற பெயரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. மேடைக்கு வெளியே ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறது, டிரைவர்களுக்கு எடையைச் சொல்வதற்காக. அதை முழுச் சத்தத்தில் திருப்பினேன்.

"ஷ்ராக் பிக்கப்! மொத்தம் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்! பின் அச்சு ஏழாயிரத்து முந்நூறு!"

ஆர்லிஸ் கதவைத் திறந்து மஞ்சள் சீட்டையும் அதன் பக்கத்துச் சீட்டையும் பார்த்து உரக்க வாசித்தாள். வண்டி மொத்தம் தாங்குவது பத்தாயிரம். பின் அச்சு ஆறாயிரத்து இருநூறு.

ஹாரன்கள் ஒன்றொன்றாக ஓய்ந்தன. அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவனுக்கும் எடைக் கணக்கு தெரியும். க்ளிஃபோர்ட் குனிந்து பின் டயரைப் பார்த்தான், காற்றுப் பையைக் கையால் தட்டினான்.

"அடப்பாவி டெல்மர்," என்றான். "இதை வெச்சா மலை இறங்கச் சொன்ன?"

டெல்மர் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. "நானே ஓட்டறேன். சாவியைக் குடு."

ஆர்லிஸ் சாவியைக் கொடுக்கவில்லை, வாக்குவாதமும் செய்யவில்லை. வீட்டின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாள். பொத்தானை அழுத்தி வீட்டின் முன்கால்களை இறக்கினாள். கால்கள் என் மேடையின் மேல் வந்து ஊன்றின. வயர்களைக் கழற்றி, பிக்கப்பின் பின்கதவை இறக்கி, பூட்டின் கைப்பிடியை இழுத்து, பிக்கப்பை முன்னால் எடுத்துப் போய் நிறுத்திவிட்டாள். வீடு மேடையின் வாயில் தனியாக நின்றது. இனிமேல் ஒரு மணி கோதுமையைக்கூட எடை போட முடியாது.

"சாமானை இறக்கு. அது வரைக்கும் வீடு இங்கயேதான். இறக்கின அப்புறம் நான் ஓட்டறேன். தனியா ஓட்டறேன்."

டெல்மர் என்னைப் பார்த்தான். "டோரீன், சொல்லேன் இவகிட்ட!"

நான் மேடைக்குச் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு என் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன்.

மறுபடி ஹாரன்கள் அலறின. ஆனால் இந்தத் தடவை ஆர்லிஸைப் பார்த்து இல்லை. "டெல்மர்! இறக்கித் தொலைடா!" என்று நாலு பேர் கத்தினார்கள். க்ளிஃபோர்ட் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பிக்கப்பின் முதுகில் ஏறிவிட்டான். அவனுக்கு ஆர்லிஸ் மேல் பாசம் இல்லை, அவன் கோதுமை மேல் பாசம். டீசலை லாரிக்கு மாற்றினார்கள், தொட்டியைக் கழற்றினார்கள். வெல்டிங் மிஷினும் பெட்டிகளும் பழுதுபார்க்கும் லாரிக்குப் போயின. சங்கிலிகள் வந்தன. வழியில் குடிக்க என்று வீட்டில் நிரப்பி வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியை ஆர்லிஸ் திறந்துவிட்டாள், மேடைக்குக் கீழே புழுதி சேறானது. உறைபெட்டியை நாலு ஆம்பிளைகள் மூச்சு முட்ட வெளியே எடுத்தார்கள்.

"இதை வீட்டுப் பின்பக்கம் வெச்சுடலாமே" என்றான் ஒருவன்.

"வேண்டாம். வால் கனத்தா வீடு ரோட்டுல ஆட ஆரம்பிச்சுடும். லாரில ஏத்து."

வெண்டெல் எங்கிருந்தோ வந்து பேசாமல் ஒரு முனையைப் பிடித்தான். டெல்மர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடைசியில் அவமானம் தாங்காமல் அவனும் ஒரு சங்கிலியைத் தூக்கினான்.

ஆர்லிஸ் பிக்கப்பைப் பின்னோக்கி எடுத்து வந்தாள். இறங்கிப் பார்க்கவில்லை, யாரையும் கை காட்டச் சொல்லவில்லை. முளை ஒரே தடவையில் பூட்டுக்குள் போய் விழுந்த சத்தம் என் சன்னல் வரைக்கும் கேட்டது. அப்புறம் இறங்கி, பூட்டு சரியாக மூடியிருக்கிறதா என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். வயரை மாட்டினாள், பின்கதவை ஏற்றினாள், முன்கால்களைத் தூக்கினாள், சக்கரங்களுக்கு வைத்த முட்டுக்கட்டைகளை எடுத்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒன்பதாயிரத்து எண்ணூத்தி எழுபது!" என்றேன் ஒலிபெருக்கியில். "பின் அச்சும் கணக்குக்குள்ள!"

யாரோ ஒருவன் விசில் அடித்தான். டெல்மர் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சாமானை இறக்கியாயிற்று, ஊர் முன்னால் தோற்றாயிற்று, மிச்சம் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் அவனுக்கு. பிக்கப்பின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தான்.

"சாமானை எறக்கிட்டேன்ல? அத்தோட சரி. தனியா விடறதா நான் சொல்லவே இல்ல. பக்கத்துல உக்காந்துதான் வருவேன்."

வரிசையில் நின்றவர்கள் அவரவர் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது குடும்ப விஷயம், கூட்டத்துத் தலைவன் சொல் என்று எல்லாருக்கும் ஒரு தயக்கம். ஆர்லிஸின் தாடை இறுகியதைப் பார்த்தேன். இவ்வளவும் செய்து கடைசியில் அந்தக் கயிறு மட்டும் அவிழவில்லையே என்று நினைத்தேன்.

ஆர்லிஸ் அவனைப் பார்க்கவில்லை. என் சன்னலைப் பார்த்தாள். பிறகு, "சரி, ஏறு" என்றாள்.

டெல்மர் ஏறினான். இருக்கை அமுங்கியது, கதவைச் சாத்தினான். என் முன்னால் எண்கள் ஓடி நின்றன. அப்போதுதான் எனக்கு அவள் பார்வை புரிந்தது. கை தானாக ஒலிபெருக்கிக்குப் போனது.

"பத்தாயிரத்து நூத்திப் பத்து."

க்ளிஃபோர்ட்தான் முதலில் சிரித்தான். அவன் சிரிப்பு வரிசையில் லாரி லாரியாகப் பின்னால் போனது.

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தாள்.

"நூத்திப் பத்து அதிகம் டெல்மர். இறங்கு."

அவன் அசையவில்லை. அவளும் வண்டியை அசைக்கவில்லை. அப்போது லாரியிலிருந்து வெண்டெலின் குரல் வானொலியில் வந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்து எல்லா வண்டியிலும் கேட்டிருக்கும்.

"என் லாரில இடம் இருக்கு டெல்மர். வா. அவ ஓட்டட்டும்."

டெல்மர் இறங்கிக் கதவைச் சாத்தினான். நான் பச்சை விளக்கைப் போட்டேன்.